காலேஜ் போகாத விஞ்ஞானி: பைண்டிங் கடையில் தொடங்கிய மைக்கேல் ஃபாரடேயின் பயணம்

1813-ம் ஆண்டு, மார்ச் 1-ம் தேதி. லண்டன் ஆல்பமார்ல் தெருவில் இருக்கும் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் 21 வயது இளைஞர் ஒருவருக்கு வேலை கிடைக்கிறது. லேப் உதவியாளர் வேலை. வாரச் சம்பளம் 25 ஷில்லிங். தங்குவதற்குக் கட்டடத்தின் உச்சியில் இரண்டு அறைகள். குளிருக்கு நிலக்கரி, ராத்திரி வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி. இவை இரண்டும் இலவசம்.

வேலை என்ன தெரியுமா? குடுவைகளைக் கழுவணும், கருவிகளைத் துடைச்சு அடுக்கணும், பேராசிரியர் மேடையில் பேசும்போது பக்கத்தில் நின்று கேட்டதை எடுத்துக் கொடுக்கணும்.

அந்த இளைஞரிடம் டிகிரி கிடையாது. பள்ளிக்கூடத்தில் கற்றது எழுத, படிக்க, கொஞ்சம் கணக்கு. அவ்வளவுதான். அதுவரை அவருக்கு முழுசாகத் தெரிந்த ஒரே தொழில், புத்தகம் பைண்டிங் செய்வது.

18 வருஷம் கழித்து அதே கட்டடத்தில் அவர் கண்டுபிடித்த ஒரு விஷயத்தை வைத்துத்தான், இன்றைக்கும் உலகத்தின் பெரும்பாலான மின்சாரம் தயாராகிறது. அவர் பெயர் மைக்கேல் ஃபாரடே.

நினைத்த சீட் கிடைக்கலை, வீட்டு நிலைமை காலேஜுக்கு இடம் கொடுக்கலை என்று உட்கார்ந்திருப்பவர்களிடம் ஃபாரடேயை உதாரணமாகச் சொல்வது வழக்கம். ஏழைப் பையன், பெரிய விஞ்ஞானி ஆனார் என்று ரெண்டே வரியில் கதை முடிந்துவிடும். ஆனால், அந்த ரெண்டு வரிக்கு நடுவில் பல வருஷங்கள் இருக்கின்றன. அந்த வருஷங்களில் அவர் என்ன செய்தார், யார் கை கொடுத்தார்கள், எதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்? உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது.

வாரத்துக்கு ஒரு ரொட்டி

1791 செப்டம்பர் 22-ம் தேதி லண்டனுக்குத் தெற்கே நியூயிங்டன் என்ற இடத்தில் பிறந்தான் மைக்கேல். அப்பா ஜேம்ஸ், கொல்லர். வடக்கு இங்கிலாந்திலிருந்து பிழைப்பு தேடி லண்டன் வந்தவர். உடம்பு அடிக்கடி படுத்தும். பட்டறைக்குப் போகாத நாளில் கூலியும் இல்லை. அம்மா மார்கரெட். நான்கு பிள்ளைகளில் மைக்கேல் மூன்றாவது.

1801-ல் தானிய விலை தாறுமாறாக ஏறியது. அந்தச் சமயத்தில் மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி கொடுக்கப்பட்டது. ஒன்பது வயசுப் பையன் அந்த ஒரு ரொட்டியை ஏழு நாளைக்கு வைத்துச் சாப்பிட வேண்டும்.

காசு இருந்திருந்தாலும் பல்கலைக்கழகக் கதவு திறந்திருக்காது என்பது இன்னொரு விஷயம். லண்டனில் அப்போது பல்கலைக்கழகமே இல்லை. இங்கிலாந்தில் இருந்தவை ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுதான். இரண்டிலும் பட்டம் வாங்க, இங்கிலாந்து திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். ஃபாரடே குடும்பமோ சாண்டிமேனியன் என்ற சின்ன கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. ஆக, பணம், சாதி சனம், மதப்பிரிவு என எந்தப் பக்கம் போனாலும் அந்த வாசல் இந்தப் பையனுக்கு இல்லை.

திறந்திருந்த வாசல் ஒன்றே ஒன்று. ஏதாவது ஒரு தொழில் கற்றுக்கொள்வது.

பேப்பர் போடும் பையன்

1804-ல், 13 வயசில், பிளான்ட்ஃபோர்டு தெருவில் இருந்த ஜார்ஜ் ரீபோவின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான் மைக்கேல். அந்தக் காலத்தில் பேப்பர் விலை அதிகம் என்பதால், பலர் வாடகைக்கு வாங்கிப் படிப்பார்கள். ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு, படித்து முடித்ததும் திரும்ப வாங்கி, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நடைதான் மைக்கேலின் முதல் வேலை.

ஒரு வருஷம் பையனைக் கவனித்த ரீபோ, 1805 அக்டோபரில் அவனை அப்ரண்டிஸாகச் சேர்த்துக்கொண்டார். ஒப்பந்தம் ஏழு வருஷம். பொதுவாக அப்போதெல்லாம் தொழில் கற்றுக்கொடுக்கும் முதலாளிக்குப் பையனின் குடும்பம் ஒரு தொகை கட்ட வேண்டும். மைக்கேல் நேர்மையாக உழைத்ததைப் பார்த்து, அந்தத் தொகையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ரீபோ. ஃபாரடேயின் வாழ்க்கையில் கிடைத்த முதல் ஸ்காலர்ஷிப் என்று இதைச் சொல்லலாம். கொடுத்தவர் ஒரு கடைக்காரர்.

பைண்டிங் சும்மா வேலை இல்லை. அச்சான தாள்களை வரிசை மாறாமல் மடிக்கணும், நூல் கோத்துத் தைக்கணும், பசை தடவணும், இறுக்கி அழுத்தணும், ஓரம் வெட்டணும், அட்டை கட்டித் தோல் ஒட்டணும். ஒரு இடத்தில் அவசரப்பட்டால் மொத்தப் புத்தகமும் கோணல். ஏழு வருஷம் இதையே செய்த கைகளுக்குப் பொறுமையும் துல்லியமும் தானாக வந்துவிடும். பின்னாளில் லேப்பில் ஃபாரடேயைக் காப்பாற்றியது இந்தக் கைகள்தான்.

ஆனால் மைக்கேல் அதோடு நிற்கவில்லை. தைக்க வந்த புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்தான். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவனைப் பிடித்துக்கொண்டது. அடுத்து, ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் புத்தகம். ஆசிரியையும் மாணவிகளும் பேசிக்கொள்கிற மாதிரி எளிமையாக எழுதப்பட்ட நூல் அது. அவர் அதை எழுதக் காரணமே, ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி என்ற விஞ்ஞானி கொடுத்த லெக்சர்களைக் கேட்டதுதான். அந்த டேவியின் வாசலுக்கே தான் ஒருநாள் போய் நிற்கப்போகிறோம் என்று பைண்டிங் கடைப் பையனுக்கு அப்போது தெரியாது.

படித்ததை அப்படியே நம்பவும் இல்லை. கைக்காசுக்குள் அடங்குகிற சோதனைகளை எல்லாம் செய்து பார்த்தான். கண்ணாடி பாட்டிலை வைத்து மின்பொறி உண்டாக்கும் கருவி ஒன்றைச் செய்தான். செம்பால் ஆன அரைப் பென்னி காசுகளையும் துத்தநாகத் தகடுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த தாளை வைத்துச் சின்ன பேட்டரியும் செய்தான். புத்தகத்தில் இருப்பது தன் கையிலும் நடந்தால்தான் அது தனக்குத் தெரிந்த விஷயம். இந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவே இல்லை.

ரீபோ நினைத்திருந்தால், வேலை நேரத்தில் என்ன படிப்பு என்று ஒரு அதட்டலில் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை.

அண்ணன் கொடுத்த ஷில்லிங்

1810-ல் அப்பா இறந்துபோனார். குடும்ப பாரம் அண்ணன் ராபர்ட் தலையில். அவரும் கொல்லர்தான்.

அதே வருஷம், ஜான் டேட்டம் என்பவர் தன் வீட்டில் மாலை நேரத்தில் அறிவியல் லெக்சர் நடத்துகிறார் என்ற விளம்பரம் மைக்கேல் கண்ணில் பட்டது. கட்டணம் ஒரு லெக்சருக்கு ஒரு ஷில்லிங். அப்ரண்டிஸ் பையனிடம் அந்தக் காசு எங்கே இருக்கும்? சுத்தியல் பிடித்துச் சம்பாதித்த கூலியிலிருந்து ராபர்ட்தான் எடுத்துக் கொடுத்தார்.

டேட்டம் வீட்டில் கூடியவர்கள் யாரும் பெரிய மனிதர்கள் இல்லை. மைக்கேல் மாதிரியே பகலில் வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் படிக்க வந்தவர்கள். அங்கே கிடைத்த நண்பர்களில் ஒருவர் பெஞ்சமின் அபாட், குமாஸ்தா வேலை பார்த்தவர். தன்னைவிட அபாட் நன்றாகப் படித்தவர் என்று மைக்கேலுக்குத் தெரியும். அதனால் அவருக்குக் கடிதம் எழுதி எழுதியே தன் எழுத்தைத் திருத்திக்கொண்டான். எழுத்துப் பிழையும் நிறுத்தக்குறிக் குழப்பமும் இருந்ததை மறைக்கவில்லை. தெரிந்தவரிடம் போய்க் கற்றுக்கொண்டான்.

படம் வரைவதும் அப்படித்தான். லெக்சரில் பார்த்த கருவிகளை நோட்டில் வரைய ஆசை. ஆனால் வரையத் தெரியாது. ரீபோவின் வீட்டில் மாஸ்கெரியே என்ற ஓவியர் குடியிருந்தார். அவரிடம் வரையக் கற்றுக்கொண்டான். ஃபீஸ்? அவருடைய பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக் கொடுத்தான், அறையைச் சுத்தம் செய்து கொடுத்தான்.

இப்படி எழுதி, வரைந்து சேர்ந்த டேட்டம் லெக்சர் குறிப்புகளை என்ன செய்தான் தெரியுமா? தனக்குத் தெரிந்த தொழிலைக் காட்டினான். அத்தனையையும் நேர்த்தியாக பைண்டிங் செய்து நான்கு புத்தகங்கள் ஆக்கிவிட்டான்.

ரீபோவுக்கு ஒரே பெருமை. கடைக்கு வந்தவர்களிடம் அவற்றை எடுத்துக் காட்டினார். வில்லியம் டான்ஸ் என்ற இசைக்கலைஞர் அந்த வாடிக்கையாளர்களில் ஒருவர். பையனின் உழைப்பைப் பார்த்த அவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி கொடுக்கவிருந்த நான்கு லெக்சர்களுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தார்.

அந்த நான்கு மாலைகள்

1812 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நான்கு லெக்சர்கள். டேவி அப்போது லண்டனின் ஹீரோ. சோடியம், பொட்டாசியம் போன்ற தனிமங்களை மின்சாரத்தால் பிரித்துக் காட்டியவர். அவர் பேச்சைக் கேட்கப் பணக்காரர்கள் குதிரை வண்டிகளில் வந்து இறங்குவார்கள். மைக்கேல் மாடியில், கடிகாரத்துக்கு மேலே இருந்த இருக்கையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தான்.

திரும்பி வந்து குறிப்புகளை விரிவாக எழுதினான், படங்கள் வரைந்தான். வழக்கம்போல் பைண்டிங்கும் செய்தான். கிட்டத்தட்ட 300 பக்கம்.

இதற்கிடையில், நாட்டின் மிகப் பெரிய அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு, அறிவியல் சம்பந்தமாக எந்தச் சின்ன வேலை கிடைத்தாலும் போதும் என்று ஒரு கடிதம் எழுதினான். பதிலே வரவில்லை.

1812 அக்டோபரில் ஏழு வருஷ ஒப்பந்தம் முடிந்தது. இப்போது அவன் முழு பைண்டர். வேறொரு கடையில் கூலிக்குச் சேர்ந்தான். புது முதலாளி கோபக்காரர். வேலையும் நேரத்தை எல்லாம் தின்றது. படிப்பு, சோதனை, நண்பர்கள் எல்லாம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. ஒரு தொழில் கையில் இருக்கிறது, சோறு நிச்சயம். ஆனால் மனசு அங்கே இல்லை. நம்மில் பலருக்குப் பழக்கமான நிலைமைதான்.

அந்த நேரத்தில் டேவிக்கு லேப்பில் ஒரு விபத்து. நைட்ரஜன் டிரைகுளோரைடு என்ற பொல்லாத வெடிபொருள் வெடித்துக் கண்ணில் அடி. அவருக்காக எழுதிக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. சில நாட்கள் மைக்கேலுக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. டிசம்பரில் துணிந்து டேவிக்கே ஒரு கடிதம் எழுதி, கூடவே தான் பைண்டிங் செய்த அந்த லெக்சர் புத்தகத்தையும் அனுப்பினான்.

டேவி பதில் போட்டார். ஜனவரியில் நேரில் கூப்பிட்டுப் பேசினார். ஆனால் வேலை? காலியிடம் இல்லை. அறிவியலில் காசு பார்ப்பது கஷ்டம், கையில் இருக்கும் பைண்டிங் தொழிலை விட்டுவிடாதே என்று அறிவுரை சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த மாதமே கதை திரும்பியது. ராயல் இன்ஸ்டிடியூஷனின் லேப் உதவியாளர் அங்கே கருவி செய்து கொடுப்பவரோடு கைகலப்பில் இறங்கினார். வேலை போனது. டேவிக்கு அந்த பைண்டிங் கடைப் பையனின் ஞாபகம் வந்தது.

அதிர்ஷ்டமா? ஆமாம், அதிர்ஷ்டம்தான். யாரோ இரண்டு பேர் அடித்துக்கொண்டது மைக்கேலின் கையில் இல்லை. ஆனால் காலியிடம் வந்த அன்றைக்கு டேவியின் நினைவில் ஒரு முகமும், மேஜையில் ஒரு புத்தகமும் இருந்தது அவன் கையில் இருந்தது.

இரண்டாவது அப்ரண்டிஸ்ஷிப்

இனி அவர் ஃபாரடே. ஆனால் லேப்புக்குள் வந்ததும் வாழ்க்கை செட்டில் ஆகிவிட்டதா? அதுதான் இல்லை.

சேர்ந்த சில வாரங்களிலேயே டேவியின் கண்ணைப் பதம் பார்த்த அதே வெடிபொருளோடு வேலை. பலமுறை வெடித்தது. ஒருமுறை ஃபாரடேயின் கைவிரல் நகமே பெயர்ந்தது.

1813 அக்டோபரில் டேவி ஐரோப்பியச் சுற்றுப்பயணம் கிளம்பினார். அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் போர். இருந்தும் நெப்போலியனின் அனுமதியோடு பயணம் நடந்தது. லண்டனைத் தாண்டி அதிகம் பார்த்திராத ஃபாரடேயும் கூடப் போனார், அறிவியல் உதவியாளராக. கடைசி நேரத்தில் டேவியின் வேலைக்காரர் வர மறுத்துவிட்டதால், வேறு ஆள் கிடைக்கும்வரை அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வேறு ஆள் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

டேவியின் மனைவி ஜேன், ஃபாரடேயை வேலைக்காரராகவே நடத்தினார். சாப்பாடு வேலைக்காரர்களோடு. ஒரு கட்டத்தில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி மறுபடியும் பைண்டிங் வேலைக்கே போய்விடலாம் என்று நினைக்கும் அளவுக்கு மனசு உடைந்துபோனார்.

ஏன் போகவில்லை? அதே பயணத்தில் அவர் பார்த்தவற்றைக் கேளுங்கள். பாரிஸில் ஆம்பியரைச் சந்தித்தார். அயோடின் ஒரு புதிய தனிமம் என்று டேவி ஆராய்ந்தபோது பக்கத்தில் இருந்தார். ஃபுளோரன்ஸில் பிரமாண்டமான லென்ஸ் வழியாகச் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தையே எரித்து, அது வெறும் கார்பன்தான் என்று காட்டிய சோதனையில் கைகொடுத்தார். பேட்டரியைக் கண்டுபிடித்த வோல்டாவை நேரில் பார்த்தார். அரைப் பென்னி காசை அடுக்கிப் பேட்டரி செய்த பையனுக்கு இதைவிடப் பெரிய பல்கலைக்கழகம் எது? அவமானத்தையும் படிப்பையும் ஒரே தட்டில் பரிமாறியது அந்தப் பயணம். அவர் படிப்பை எடுத்துக்கொண்டார். அவமானம் வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, 1815 ஏப்ரலில் லண்டன் திரும்பினார். மறுபடியும் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை, வாரம் 30 ஷில்லிங். சுரங்கத் தொழிலாளர்களுக்காக டேவி உருவாக்கிய பாதுகாப்பு விளக்கின் சோதனைகளில் உதவினார். 1816-ல் முதல் ஆய்வுக் குறிப்பு வெளியானது. அதே வருஷம், ஒரு ஷில்லிங் கொடுத்துக் கேட்க உட்கார்ந்த அந்தப் பழைய கூட்டத்திலேயே மேடை ஏறி லெக்சர் கொடுத்தார். பேச்சு சரியாக வர வேண்டும் என்று ஒரு பேச்சுக்கலை ஆசிரியரிடம் காசு கொடுத்துப் பயிற்சி எடுத்துக்கொண்டார்.

குருவே குறுக்கே நின்றபோது

1820-ல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மின்சாரம் பாயும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் திரும்புகிறது. ஐரோப்பாவே பரபரப்பானது. 1821 செப்டம்பரில் ஃபாரடே ஒரு கிண்ணத்தில் பாதரசம் ஊற்றி, நடுவில் காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து கம்பியைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினார். கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஃபேன், மிக்ஸி, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டார் எல்லாவற்றுக்கும் மூதாதை அதுதான்.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் பிரச்னை. வோலஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானி இதேபோல ஒன்றை ஏற்கெனவே யோசித்து, டேவியோடு சேர்ந்து முயன்று பார்த்திருந்தார். அவர் பெயரைக் குறிப்பிடாமல் ஃபாரடே அவசரமாக வெளியிட்டதால், யோசனையைத் திருடிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. ஃபாரடே செய்து காட்டியது வேறு விதமான சுழற்சி. ஆனாலும் அந்தப் பேச்சு சில வருஷங்கள் அவரைத் துரத்தியது. பெரிய இடத்துப் பிள்ளையாக இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் சந்தேகப்பட்டிருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

1823-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவிக்கு ஃபாரடேயின் பெயரை நண்பர்கள் முன்மொழிந்தார்கள். அப்போது அந்தச் சங்கத்தின் தலைவர் யார்? டேவி. அவர் ஆதரிக்கவில்லை, மனுவைத் திரும்பப் பெறச் சொன்னார். இத்தனைக்கும் டேவியே பல்கலைக்கழகம் போகாதவர். பென்சான்ஸ் என்ற ஊரில் ஒரு மருத்துவரிடம் அப்ரண்டிஸாகத் தொடங்கி மேலே வந்தவர்.

1824 ஜனவரியில் ஓட்டெடுப்பு நடந்தது. எதிராக விழுந்தது ஒரே ஓட்டு. ஃபாரடே உறுப்பினர் ஆனார். அடுத்த வருஷமே ராயல் இன்ஸ்டிடியூஷன் லேப்பின் இயக்குநரும் ஆனார். டேவியைப் பற்றி மரியாதைக் குறைவாகப் பேசுவதை மட்டும் அவர் வழக்கமாக்கிக்கொள்ளவில்லை. வாசலைத் திறந்துவிட்டவர் அவர்தான் என்பதை மறக்கவில்லை.

உங்கள் சார்ஜருக்குள் இருக்கும் வளையம்

ஃபாரடேயின் பெரிய குறை கணிதம். உயர்கணிதம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. ஆம்பியர் போன்றவர்கள் சமன்பாடுகளில் எழுதியதை அவரால் பின்தொடர முடியவில்லை. இது முறையான படிப்பு இல்லாததற்கு அவர் கொடுத்த விலை. இதை மறைத்துப் பேசுவதில் பிரயோஜனமில்லை.

அதற்குப் பதில் அவர் கண்ணையும் கையையும் நம்பினார். காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வளைவு வளைவாக நிற்பதைப் பார்த்து, காந்தத்தின் சக்தி வெளியெங்கும் கோடுகளாகப் பரவியிருக்கிறது என்று மனசில் படம் போட்டுக்கொண்டார்.

1831 ஆகஸ்ட் 29. ஓர் இரும்பு வளையத்தின் இரண்டு பக்கங்களிலும் தனித்தனியாகக் கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒரு சுருளை பேட்டரியோடு இணைத்தார். இன்னொரு சுருளின் கம்பிக்குப் பக்கத்தில் காந்த முள். இரண்டு சுருள்களுக்கும் தொடர்பே இல்லை. பேட்டரியை இணைத்த அந்த நொடியில் முள் துள்ளியது. பிறகு அசையாமல் நின்றது. பேட்டரியைப் பிரித்த நொடியில் மறுபடியும் துள்ளியது.

நடுவில் எதுவுமே நடக்கவில்லை என்பதுதான் விஷயம். காந்தம் சும்மா இருந்தால் மின்சாரம் வராது. காந்தப்புலம் மாறும்போதுதான் வரும். ஒரு நொடித் துள்ளலைத் தற்செயல் என்று ஒதுக்காமல் கவனித்து எழுதிவைக்கும் பொறுமை வேண்டும். அது தாள் மடித்துத் தைத்த இடத்தில் பழகிய பொறுமை. அக்டோபரில், காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே செம்புத் தகடு ஒன்றைச் சுழற்றி, தொடர்ச்சியாக மின்சாரம் எடுத்தும் காட்டிவிட்டார். ஜெனரேட்டர் பிறந்தது அங்கேதான்.

இதைப் படிக்கும் உங்கள் போன் சார்ஜில் இருக்கிறதா? சார்ஜருக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் சுற்றிய குட்டி டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்கும். அந்த இரும்பு வளையத்தின் பேரப்பிள்ளை அது. வயர்லெஸ் சார்ஜரும் அதே குடும்பம்தான்.

ஃபாரடேயின் கோடுகளைப் பின்னாளில் சமன்பாடுகளாக எழுதியவர், கேம்பிரிட்ஜில் படித்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். அந்தச் சமன்பாடுகள் இல்லாமல் ரேடியோ இல்லை, வைஃபை இல்லை. பட்டறைப் படிப்பும் பல்கலைக்கழகப் படிப்பும் எதிரிகள் இல்லை என்பதற்கு இந்த இருவரைவிட நல்ல ஜோடி கிடைக்காது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்கினார்.

பைண்டர் கடைசிவரை பைண்டர்தான்

புகழ் வந்த பிறகும் பழைய பழக்கம் போகவில்லை. செய்த சோதனைகளை எல்லாம், வெற்றியோ தோல்வியோ, தேதி போட்டு எழுதிவைத்தார். பத்திகளுக்கு வரிசை எண் கொடுத்தார். அந்த எண் 16,041 வரை போனது. குறிப்புகளைத் தன் கையாலேயே பைண்டிங்கும் செய்தார்.

தனக்குக் கிடைத்த மாடி இருக்கையை மறக்காத மாதிரி, பிள்ளைகளுக்கான கிறிஸ்துமஸ் லெக்சர் தொடரில் 19 ஆண்டுகள் பேசினார். ஒரு மெழுகுவத்தி எப்படி எரிகிறது என்பதை வைத்தே மொத்த வேதியியலையும் விளக்கிய தொடர் அதில் ரொம்பப் பிரபலம். அந்த கிறிஸ்துமஸ் லெக்சர்கள் இன்றைக்கும் நடக்கின்றன. வேதியியலைத் தனக்கு முதலில் அறிமுகப்படுத்திய ஜேன் மார்செட்டைத் தன் முதல் ஆசிரியையாகவே கடைசிவரை மதித்தார். ஆக்ஸ்ஃபோர்டு, 1832-ல் அவரைத் தேடி கௌரவப் பட்டம் கொடுத்தது. சர் பட்டத்தையும், ராயல் சொசைட்டி தலைவர் பதவியையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1867 ஆகஸ்ட் 25-ம் தேதி, 75-வது வயதில் மறைந்தார்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிடலாம். ஃபாரடே ஜெயித்தார் என்பதால் டிகிரி தேவையில்லை என்று ஆகிவிடாது. அவர் காலத்தில் லண்டனில் எத்தனையோ அப்ரண்டிஸ் பையன்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரு ரீபோ கிடைக்கவில்லை. டிக்கெட் வாங்கிக் கொடுக்க ஒரு டான்ஸ் வரவில்லை. கடை முதலாளி, கொல்லர் அண்ணன், வாடகைக்கு இருந்த ஓவியர், கடைக்கு வந்த வாடிக்கையாளர் என ஆளுக்கு ஒரு சின்னப் படி போட்டுக் கொடுத்ததால்தான் அந்த மாடிப்படி உருவானது. நாம் ஃபாரடேயாக முடியாமல் போகலாம். இன்னொருவருக்கு ஒரு ஷில்லிங் கொடுக்கும் ராபர்ட்டாகவோ, பையன் படிக்கட்டும் என்று விட்ட ரீபோவாகவோ இருக்க யாரும் தடுக்கப்போவதில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே தொடங்குகிறவர்களுக்கு அவர் விட்டுச்சென்றது ரொம்ப எளிமையான ஒரு விஷயம். சான்றிதழ் காட்ட முடியாத இடத்தில் அவர் செய்த வேலையைக் காட்டினார். யாரும் கேட்காதபோதே எழுதி, வரைந்து, தைத்து வைத்திருந்ததால்தான், கேட்ட அன்றைக்குக் கொடுக்க அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. டேவிக்கு அனுப்பிய அந்தப் புத்தகம் இன்றைக்கும் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பத்திரமாக இருக்கிறது.

பிளான்ட்ஃபோர்டு தெருவில் ரீபோவின் கடை இருந்த கட்டடத்தின் சுவரில் ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். ஃபாரடே அறிவியலாளர் என்கிறது அந்தப் பலகை. கூடவே, அவர் இங்கே அப்ரண்டிஸாக இருந்தார் என்றும் சொல்கிறது.